மாத்திரைக்குக் கண் உண்டா?

(தொழிலாளர் கூட்டமொன்றில் பேசிய பேச்சின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சர்க்கரை வியாதியைச் சேர்ந்தது. சர்க்கரை வியாதி என்றவுடன், இனிப்பைத் தொடாதே, சோற்றைக் குறை, தினம் நட என்று மூன்று வார்த்தை சொல்லி முடித்துவிடப் போகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறான சங்கதியாகும். அதாவது, சர்க்கரை ஏறுவதைப் பற்றியல்ல. மருந்து சாப்பிட்டுக் கொண்டு வேலை செய்கிற ஒருவருக்கு, வேலை மும்முரத்தில், சர்க்கரை திடீரென்று இறங்கிப் போவதைப் பற்றியேயாகும்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இத்தனை கோடிப் பேரும் சாய்வு நாற்காலியில் சாய்ந்து கொண்டு வெற்றிலை போடுகிறவர்களா? "இது பணக்காரன் வியாதி" என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. இன்று பஸ் ஓட்டுகிறவருக்கும் இருக்கிறது. ஓட்டலில் இலை எடுக்கிறவருக்கும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் தைக்கிற அம்மாளுக்கும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் நிற்கிற நர்சம்மாளுக்கும் இருக்கிறது. ஆனால் இந்த வியாதிக்காரருக்குச் சொல்லப்படும் புத்திமதியெல்லாம் காலையில் எட்டு மணிக்குப் பலகாரம், ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்குச் சுண்டல், இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி என்று, நேரம் தன் கைவசம் இருக்கிறவனுக்குச் சொல்லப்படுவதாகவே இருக்கிறது. நேரம் மேஸ்திரி கையில் இருக்கிறவன் கதி என்ன? அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நேர்ந்தது

பிறத்தியார் கதையைச் சொல்வதற்கு முன் நம் கதையைச் சொல்லிவிடுகிறோம். நமக்கு இந்த வியாதி வந்து பத்து வருஷத்திற்கு மேலாகிறது. அப்பொழுது கொங்கு நாட்டில் ஓர் ஊரில் அச்சுக்கூடமொன்றில் காகிதம் வெட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்து வந்தோம். ஒரு ஆவணி மாதம். முகூர்த்த நெருக்கம். கலியாணப் பத்திரிகைகள் மலை போல் குவிந்து கிடந்தன. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரண்டே இட்லியை விழுங்கிவிட்டு ஓடினோம். வழக்கமாய் ஒரு மணிக்குச் சாப்பாடு. அன்று மின்சாரம் நின்று வந்ததால், "இதை முடித்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். மணி மூன்றாகிவிட்டது.

முதலில் கை நடுங்கிற்று. பிறகு சட்டை நனைய வேர்த்தது. எழுத்துக்கள் இரண்டிரண்டாய்த் தெரிந்தன. எதிரே இருந்தவர்கள் பேரிலெல்லாம் காரணமில்லாமல் கோபம் வந்தது. இருநூறு பத்திரிகைகளைப் பெண்ணின் பேருக்குக் குறுக்கே வெட்டித் தள்ளிவிட்டோம். மேஸ்திரி ஓடி வந்து, "ஏய்யா, பட்டப்பகல்லயே குடிச்சுப்போட்டு வந்துட்டியா?" என்றார். நாம் என்னவோ திட்டினோமாம். இன்றுவரை நமக்கு அது நினைவில்லை.

டீக்காரப் பையன் நமக்கென்று வழக்கமாய்க் கொண்டுவரும் டீயைக் கொண்டுவந்து கொடுத்தான். அது சர்க்கரை போடாத டீ! குடித்தோம். என்ன பிரயோசனம்? நல்ல காலமாய்ப் பத்திரிகை மடிக்கிற அம்மாள் ஒருவர் அங்கே இருந்தார். அவருடைய தாயாருக்கும் இதே வியாதியாம். அவர், "அண்ணனுக்குச் சக்கரை எறங்கிப்போச்சுங்க, குடியுமில்லை, ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லி, ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கையில் கொடுத்துக் குடிக்கச் செய்தார். கால்மணி நேரத்தில் எழுத்து ஒன்றாய்த் தெரிந்தது. மேஸ்திரியும் ஒருவராய்த் தெரிந்தார்.

அன்று வெட்டுப்பட்டது காகிதம். கத்திக்கு அடியில் நம் விரல்கள் இருந்திருந்தால் அவையும் வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் தோழர்களே, அன்றிரவு நம்மை வாட்டிய எண்ணம் அதுவல்ல. கை நடுங்க ஆரம்பித்த பொழுதே இது இன்னதென்று நமக்கு ஒருவாறு தெரிந்திருந்தது. டீக்கடைச் சர்க்கரை டப்பா பத்தடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்த் தின்னவில்லை. ஏன்? நாலு பேர் எதிரே, "எனக்கு இந்த வியாதி, கொஞ்சம் நிறுத்துகிறேன்" என்று சொல்ல வெட்கம்! சொன்னால் இந்த இயந்திரத்தை விட்டு எடுத்துவிடுவார்களோ என்ற பயம்! அந்த வெட்கமும் பயமும் நியாயமானவைதானா என்பதே நம் இன்றைய கேள்வி.

சர்க்கரை ஏன் குறைகிறது?

முதலில் காரணத்தைத் தெரிந்துகொள்ளுவோம். நம் மூளைக்கு முக்கியமான ஆகாரம் இரத்தத்திலுள்ள சர்க்கரைதான். ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் சர்க்கரையை அது செலவு செய்கிறது. மற்ற உறுப்புகளைப் போல் வேண்டியதைத் தன்னிடத்திலேயே சேமித்து வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் போல் அந்தந்த நேரத்திற்கு வந்தால்தான் உண்டு. நாம் சாப்பிடாத நேரத்தில் ஈரல் தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்துச் சமாளிக்கிறது.

வியாதியில்லாதவன் உடம்பில், சர்க்கரை குறையக் குறையக் கணையம் இன்சுலின் சுரப்பதைத் தானே குறைத்துக் கொள்கிறது. மருந்து சாப்பிடுகிறவன் உடம்பில் அப்படியல்ல. ஊசியில் போட்ட இன்சுலின் போட்டதுதான். சாப்பாடு வரவில்லையே என்று அது திரும்பிப் போகாது. கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு என்கிற வகை மாத்திரைகள் கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினை வரவழைப்பவை. நீ சாப்பிட்டாயா, பட்டினியா, உட்கார்ந்திருக்கிறாயா, மூட்டை தூக்குகிறாயா என்று அவை பார்ப்பதில்லை. மாத்திரைக்குக் கண் உண்டா? கண் நமக்குத்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் நாமேதான்.

இந்த வகை மாத்திரை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறே இதற்குச் சாட்சி. 1942-ல் பிரான்சு தேசத்தில் மோன்பெலியே என்னும் நகரத்தில் ஜான்போன் என்ற டாக்டர் டைபாய்டு ஜுரக்காரர்களுக்குப் புதிதாக ஒரு கந்தக மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆயினும் அவர்களில் சிலருக்கு வலிப்பும் மயக்கமும் வந்தன. பார்த்தால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. லூபாத்தியே என்பவர் அதை மேலும் ஆராய்ந்து, இந்தக் கெடுதியையே சர்க்கரை வியாதிக்காரருக்கு நன்மையாகத் திருப்பலாம் என்று காட்டினார். ஆகவே, சர்க்கரை இறங்கிப் போவது இந்த மாத்திரையில் தற்செயலாய் ஒட்டிக்கொண்ட குற்றமல்ல. எந்தக் குணத்தால் அது மருந்தாகிறதோ அந்தக் குணமே அளவு தவறினால் ஆபத்தாகிறது. அரிவாளின் கூர்மை போலத்தான்.

எல்லா மாத்திரையும் இப்படிப்பட்டவையல்ல. மெட்பார்மின் மாத்திரத்தைத் தனியே சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகவும் அபூர்வம். ஆனால் இப்பொழுது ஒரே மாத்திரைக்குள் இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்து விற்கிறார்கள். "நான் ஒரு மாத்திரைதான் போடுகிறேன்" என்று நினைப்பவர் மூன்று மருந்து சாப்பிடுகிறவராயிருக்கலாம். அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் மருந்துக் கடைக்காரரையோ டாக்டரையோ பார்த்து, "அய்யா, இதில் சர்க்கரையைத் திடீரென்று இறக்கக் கூடியது இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்லுவது அவர்கள் கடமை.

ஒன்றரை ஷிப்டு

இனி வேலைக்கு வருவோம். உடம்பு வேலை செய்யும்பொழுது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வாரி இழுத்துக் கொள்கின்றன. இதற்கு அவை இன்சுலினைக்கூட எதிர்பார்ப்பதில்லை. வேலை நின்ற பிறகும், செலவழிந்து போன சேமிப்பை நிரப்பிக்கொள்ளப் பல மணி நேரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பகலில் மாடு போல் உழைத்தவருக்கு நடுநிசியில் சர்க்கரை இறங்குவதும் உண்டு. காலையில் எழுந்தால் தலைவலி, ஈரத் தலையணை, கெட்ட கனவு ஆகிய இவையெல்லாம் இரவில் சர்க்கரை இறங்கியதன் தடயங்களாக இருக்கலாம்.

திருப்பூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு ஒரு ஷிப்டு, ஒன்றரை ஷிப்டு என்ற கணக்கு நன்றாய்த் தெரியும். ஆர்டர் அவசரம் என்றால் சாயங்காலம் முடிய வேண்டிய வேலை இரவு வரை நீளும். முதலாளிக்கு ஒன்றரை ஷிப்டு வேலை கிடைத்துவிட்டது. தொழிலாளிக்கு ஒன்றரை ஷிப்டுக் கூலி கிடைத்துவிட்டது. ஆனால் அவர் காலையில் போட்ட மருந்து ஒரு ஷிப்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு ஷிப்டு உழைப்புக்கும் கணக்குப் போட்டுக் கொடுத்ததல்லவா? அந்த அரை ஷிப்டுக்குப் பதில் சொல்லுவது யார்? உடம்புதான்.

ஓட்டலில் பரிமாறுகிற தோழரை நினைத்துப் பாருங்கள். அவரைச் சுற்றிலும் சோறும் குழம்பும் அப்பளமும் பாயசமும். நூறு பேருக்குப் பரிமாறுகிறார். அவர் சாப்பிட உட்காருவது பந்தியெல்லாம் ஓய்ந்து மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ. சோற்றுக்கு நடுவே நின்றுகொண்டு சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறவர் உலகத்தில் அவராகத்தான் இருப்பார். இதைவிட வேடிக்கையும் வேதனையும் வேறு உண்டா?

நேரந் தவறிய சாப்பாடும் வழக்கத்திற்கு மேற்பட்ட உழைப்பும் மாத்திரமல்ல, வேறு காரணங்களும் உண்டு. காலையில் மாத்திரை மறந்துபோயிற்றென்று இரவில் இரண்டாய்ப் போடுவது ஒன்று. வாந்தி பேதியில் ஆகாரம் தங்காதபோதும் வழக்கப்படி மருந்தைப் போட்டுவிடுவது இன்னொன்று. சிறுநீரகம் பழுதானால் மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறாமல் தங்கிவிடும். வயதானவர்களுக்கு இது அதிகம். வேலை முடிந்து அலுப்புத் தீர என்று வெறும் வயிற்றில் குடிப்பது எல்லாவற்றிலும் கெட்டது. சாராயம் ஈரலின் கையைக் கட்டிவிடுகிறது. அவசரத்திற்குச் சர்க்கரை தயாரித்துக் கொடுக்க ஈரலால் முடியாது. குடித்தவன் தள்ளாடினால், குடியால் தள்ளாடுகிறானா, சர்க்கரை இறங்கித் தள்ளாடுகிறானா என்று பக்கத்திலிருப்பவனுக்கும் தெரியாது; அவனுக்கே தெரியாது.

என்ன செய்வது?

குறைவு என்று எதைச் சொல்வது? விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவியில் 70-க்குக் கீழே காட்டினால் அது குறைவு. உடனே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறும் நிலை, பேராபத்து. கருவி கையில் இல்லையா? நடுக்கம், வேர்வை, படபடப்பு, அகோரப் பசி, உதடு மரப்பு, கண் மங்கல், பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் ஆகிய இவற்றில் சில சேர்ந்து வந்தால் குறைவென்றே வைத்துக்கொண்டு காரியத்தைப் பாருங்கள். இல்லாத குறைவுக்கு ஒரு தடவை சர்க்கரை தின்றுவிட்டால் பெரிய மோசமில்லை; இருக்கிற குறைவுக்குத் தின்னாவிட்டால் மோசம் போய்விடும்.

1. செய்கிற வேலையை நிறுத்துங்கள். இயந்திரத்தை விட்டு விலகுங்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஏணியிலிருந்து இறங்குங்கள். "இந்த ஒன்றை முடித்துவிட்டு" என்ற நினைப்பு வந்தால், அது உங்கள் புத்தி சொல்லும் வார்த்தையல்ல, சர்க்கரையில்லாத மூளை சொல்லும் வார்த்தை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2. 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். டீக்கரண்டியால் மூன்று, நான்கு கரண்டி சர்க்கரையோ குளூக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். அல்லது அரைத் தம்ளர் பழச்சாறோ, 150 மில்லி இனிப்புச் சோடாவோ குடியுங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் கலர் தண்ணீரும், சர்க்கரை போடாத டீயும் நமக்கு அன்று உதவாதது போலவே உங்களுக்கும் உதவா. நெய் மணக்கும் மைசூர்பாகும் சாக்லெட்டும் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும்.

3. 15 நிமிஷம் பொறுத்து மறுபடியும் பாருங்கள். விரலைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். விரலில் ஒட்டிய சர்க்கரை பொய்க் கணக்குக் காட்டும். இன்னமும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே 15 கிராம். பொறுக்க மாட்டாமல் ஒரே மூச்சில் அரைக்கிலோ இனிப்பைத் தின்றால், பிறகு 300-க்கும் 400-க்கும் ஏறிக்கொண்டு வேறு உபத்திரவம் செய்யும்.

4. சரியானதும் சாப்பாட்டு நேரமாயிருந்தால் சாப்பிடுங்கள். இல்லையேல் நான்கு பிஸ்கோத்து, ஒரு வாழைப்பழம், கையளவு கடலை என்று ஏதாவது தின்னுங்கள். சர்க்கரைத் தண்ணீர் வழிச்செலவுக்குத்தான். ஊர் போய்ச் சேருவதற்குச் சாப்பாடு வேண்டும்.

5. உடனே இயந்திரத்திற்கும் வண்டிக்கும் ஓடாதீர்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறிய பிறகும் மூளை தெளியச் சற்று நேரம் பிடிக்கும். பிரிட்டன் தேசத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, சர்க்கரை 90-க்கு வந்த பின்னும் 45 நிமிஷம் கழித்தே ஓட்ட வேண்டுமென்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மூளையும் அதே மூளைதான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. ஏனென்றால், சர்க்கரையைக் குடலில் உடைக்கவொட்டாமல் தடுப்பதே அந்த மருந்தின் தொழில். அவர்கள் குளூக்கோஸ் பொடியைத்தான் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

நினைவு தப்பிக் கிடப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழலில் இறங்கி உயிரை வாங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குச் சொல்லுங்கள். டாக்டர் நரம்பில் குளூக்கோஸ் ஏற்றுவார். தெளிந்து எழுந்ததும், "எனக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போய்விடவும் கூடாது. முன் சொன்ன வகை மாத்திரையால் வந்த குறைவு, மருந்து உடம்பில் இருக்கும் வரை திரும்பத் திரும்ப வரக்கூடியது. ஆகையால் டாக்டர் இருக்கச் சொன்ன நேரம் வரை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வரவேண்டும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, "மாத்திரையே வேண்டாம்" என்று நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அது குளிருக்குப் பயந்து கூரைக்குத் தீ வைப்பது போலாகும். சர்க்கரை ஏறியே கிடந்தால் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் வருஷக் கணக்கில் அரித்துத் தின்னும். அது சத்தமில்லாமல் வருகிற திருடன்; இது கதவை உடைத்துக்கொண்டு வருகிற திருடன். இரண்டு பேருக்கும் தாழ்ப்பாள் போட வேண்டும்.

நாமாக மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் கூடாது என்றால் என்ன செய்வது? டாக்டரிடம் போகும்பொழுது சர்க்கரைக் கணக்கை மாத்திரம் கொண்டு போகாமல், வேலைக் கணக்கையும் கொண்டு போங்கள். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறோம், எத்தனை மணிக்குச் சாப்பாடு கிடைக்கிறது, எந்த வாரம் இரவு ஷிப்டு, என்றைக்கு ஒன்றரை ஷிப்டு, எந்த நேரத்தில் எத்தனை தடவை சர்க்கரை இறங்கிற்று என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நேரத்தை மாற்றலாம், அளவை மாற்றலாம், அடிக்கடி இறக்காத வேறு மருந்தைக் கூடக் கொடுக்கலாம். கேளாத பிள்ளைக்குப் பால் கிடைக்காது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவருக்கு உடம்பு பழகிப்போய் நடுக்கமும் வேர்வையும் வராமலே நேராக மயக்கம் வரும். இருதயத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கும் சில மருந்துகளும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். "முன்பெல்லாம் நடுங்கும், இப்பொழுது ஒன்றும் தெரிவதில்லை" என்று யாராவது சந்தோஷப்பட்டால், அவர் சந்தோஷப்பட வேண்டியவரல்ல. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்.

பேயும் குடியும்

தோழர்களே! சர்க்கரை இறங்கினவனைக் குடிகாரன் என்பது பட்டணத்து வழக்கம். பேய் பிடித்தவன் என்பது பட்டிக்காட்டு வழக்கம். கண் செருகுகிறது, பல்லைக் கடிக்கிறான், சம்பந்தமில்லாமல் பேசுகிறான், பெண்டாட்டியை யாரென்று கேட்கிறான் என்றால் வேப்பிலையைத் தேடுகிறார்கள். விபூதிக்கு ஆள் அனுப்புகிறார்கள். அந்த நேரத்திற்குள் மூளை பட்டினியால் செத்துக்கொண்டிருக்கிறது. நாம் யாருடைய நம்பிக்கையோடும் இப்பொழுது வழக்காட வரவில்லை. ஒரு சோதனை மாத்திரம் சொல்லுகிறோம். விழுங்கக் கூடிய நினைவு இருக்கிற ஆளுக்கு முதலில் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். கால்மணியில் மூன்று கரண்டி சர்க்கரைக்கு ஓடிப் போகிற பேய் எந்தப் பேய் என்று பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!

விரதமும் அப்படியே. எந்த மதத்து விரதமானாலும் பட்டினி பட்டினிதான். விரதமிருக்கிறவர் மனதில் பக்தியிருக்கலாம். மாத்திரைக்கு அது தெரியாது. இருக்கத்தான் வேண்டுமென்பவர் பல நாள் முன்னதாகவே டாக்டரைக் கேட்டு மருந்து நேரத்தைத் திருத்திக் கொள்ள வேண்டும். முடியாதென்று டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாளிமார்களுக்கும் மேஸ்திரிமார்களுக்கும்

இவ்வளவும் தொழிலாளிக்குச் சொன்னோம். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லையா? அரைமணி நேரமாவது ஓய்வு கொடாமல் தொடர்ந்தாற்போல் 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். கடைகளில் நாள் பூராவும் நிற்க வைக்கப்பட்ட ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. மனிதன் உட்காரவும் சாப்பிடவும் பிறந்தவன் என்பதைக்கூடச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது!

அதே 2021 ஆகஸ்டில், மக்களைத் தேடி மருத்துவம் என்ற பேரால் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு இந்நாட்டில் ஆரம்பமாயிற்று. மிகவும் நல்ல காரியம். மாத்திரை வாசலுக்கு வந்தது போலச் சாப்பாட்டு நேரமும் தொழிற்சாலை வாசலுக்குள் போக வேண்டாமா?

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. மருந்து சாப்பிடுகிறவரென்று தெரிந்தால் அவர் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இயந்திரத்திற்குப் பக்கத்திலே ஒரு டப்பாவில் குளூக்கோஸ் பொடி வையுங்கள். அதன் விலை இருநூறு கலியாணப் பத்திரிகையின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு என்று எங்கள் பழைய மேஸ்திரியைக் கேட்டால் சொல்லுவார். வியாதியைச் சொன்னவரை வேலையை விட்டு நீக்கினால் என்ன ஆகும்? மற்றவர்கள் வியாதியில்லாதவர்களாகிவிட மாட்டார்கள், சொல்லாதவர்களாகிவிடுவார்கள். சொல்லாதவன் நடத்தும் இயந்திரம் சொன்னவன் நடத்தும் இயந்திரத்தைவிட ஆபத்தானது என்பதைச் சற்று யோசித்தால் லாபக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கும் விளங்கும்.

மானம் எது?

கடைசியாக ஒரு வார்த்தை. 1922 ஜனவரியில் கனடா தேசத்து டொராண்டோ நகரத்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன் முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதற்கு முன் அந்தப் பையனைப் போன்றவர்கள் எலும்பும் தோலுமாய் இருந்து சாவார்கள். அந்த மருந்தின் உரிமையைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக் கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பாடுபட்டு மனித அறிவு காப்பாற்றிக் கொடுத்த உயிரை, நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கத்துக்குப் பலி கொடுப்பது எவ்வளவு பரிதாபம்!

மானம் என்பது வியாதியை மறைப்பதில் இல்லை. தன் உடம்பில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ளுவதிலும், அதை நிமிர்ந்து சொல்லுவதிலும், சொன்ன தோழனைக் கேலி செய்யாதிருப்பதிலும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொருவரும் பக்கத்து இயந்திரத்துத் தோழர்கள் இருவரிடமாவது, "எனக்கு இந்த வியாதி உண்டு, நான் வேர்த்து உளறினால் சர்க்கரை கொடு, நான் வேண்டாமென்று சண்டை பிடித்தாலும் கொடு, நினைவில்லாவிட்டால் வாயில் ஊற்றாதே, 108-க்குச் சொல்" என்று நாளைக்கே சொல்லி வையுங்கள். சட்டைப்பையில் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் அன்று நம் பக்கத்தில் இருந்தது தற்செயல். தற்செயலை நம்பி உயிர் வாழ்வது அறிவுடைய செயலல்ல.

நாம் சொன்னதற்காக எதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். உங்கள் அனுபவத்தோடு வைத்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். இந்தக் கூட்டத்தில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கும் தோழர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டதாகையால், சொன்ன சொல்லுக்கு நாமே விரோதமாகாமல் இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.